இம்ப்ளாண்ட் மேல் மாட்டும் பல் செட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பல் கட்டுவதுதான் என் மேற்படிப்பு. ஆடுகிற செட்டோடு வருகிற பெரியவர்களும், அவர்களைக் கூட்டிவருகிற பிள்ளைகளும் மருமகள்களும் கேட்கிற சந்தேகங்கள் வருடக்கணக்கில் மாறவே இல்லை. கேட்டவர்கள் சொன்ன மாதிரியே ஒரு நோட்டில் குறித்துவந்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை.

"இம்ப்ளாண்ட்னா என்ன, பல் செட்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்?"

இரண்டும் வேறு. பல் செட் என்பது ஈறின் மேல் உட்காருகிற, கழற்றி மாட்டுகிற செயற்கைப் பல் வரிசை. இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கிற சிறிய டைட்டானியம் திருகு. சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அது பல்லின் வேர் மாதிரி.

இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் இங்கே பேசப்போகிற விஷயம். எலும்பில் திருகைப் பதித்து, ஈறுக்கு வெளியே அதன் தலையில் ஒரு குமிழை வைப்போம். செட்டின் அடிப்பக்கத்தில் அதற்குப் பொருந்துகிற குழி இருக்கும். அழுத்தினால் பிரஸ் பட்டன் மாதிரி 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். கையால் இழுத்தால் கழன்று வரும். பேசும்போதோ சாப்பிடும்போதோ தானாக எழும்பாது.

"மேல் செட்டு நல்லா நிக்குது. கீழ் செட்டு மட்டும் வாயைத் திறந்தாலே எகிறுது. செஞ்சவர் சரியா செய்யலையோ?"

பெரும்பாலும் செய்தவர் மேல் தப்பு இருக்காது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுவதால், எச்சிலின் மெல்லிய படலம் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே அந்த வசதி கிடையாது. கீழ் செட் குதிரை லாடம் போன்ற ஒரு வளைவு. நடுவில் நாக்கு, பக்கங்களில் கன்னம். நாக்கு அசைகிற ஒவ்வொரு முறையும் செட்டைத் தள்ளிவிடும்.

அதோடு எலும்பும் கரையும். பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல் போனதும் எலும்பு தேய ஆரம்பிக்கும். முதல் வருடத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேயும், நிற்கவே நிற்காது. கீழ்த்தாடையில் இந்தத் தேய்மானம் மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் எடுத்து இருபது வருடம் ஆன ஒருவரின் கீழ் ஈறைத் தொட்டுப் பார்த்தால், மேடே இல்லாமல் தட்டையாக இருக்கும். அதன் மேல் எவ்வளவு நேர்த்தியாகச் செட் செய்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "எனக்குச் செட்டே ராசியில்லை" என்று நினைத்து, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காராமல் ஒதுங்கிக்கொண்டு, வீட்டில் ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வழி இருக்கிறது.

"கீழே ரெண்டே ரெண்டு திருகு போதும்னு சொல்றீங்க. இன்னொரு இடத்துல ஆறு போடணும்னாங்களே?"

இரண்டு பேரும் வேறு வேறு சிகிச்சையைச் சொல்கிறோம். கழற்றி மாட்டுகிற செட்டுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு போதும். அங்கே எலும்பு கெட்டியாக இருக்கும், முக்கிய நரம்பும் இடையில் வராது. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் கூட்டிய நிபுணர் மாநாடு, கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளாண்ட் மேல் மாட்டும் செட்டைத்தான் முதல் தேர்வாகத் தர வேண்டும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு பிரிட்டனிலும் இதே கருத்தை ஆதரித்தார்கள்.

கழற்றவே வேண்டாத, நிரந்தரமாகத் திருகி வைக்கிற பல் வரிசை வேண்டுமென்றால் நான்கு முதல் ஆறு வரை தேவைப்படும். லிஸ்பனைச் சேர்ந்த பாவ்லோ மாலோ பிரபலப்படுத்திய நான்கு திருகு முறையில் பின்னால் உள்ள இரண்டையும் சாய்த்துப் பதிப்பார்கள். எலும்பு குறைவாக உள்ள இடத்தைத் தவிர்க்கத்தான் அந்தச் சாய்வு. நல்ல சிகிச்சைதான். ஆனால் செலவு பல மடங்கு, சுத்தம் செய்வதும் கடினம்.

மேல்தாடை எலும்பு பஞ்சு மாதிரி மென்மையானது. அங்கே கழற்றி மாட்டும் செட்டுக்கே நான்கு வைப்பதுதான் வழக்கம். என் யோசனை கேட்டால், மேல் செட் ஒழுங்காக நிற்கிறவர் அதைத் தொடவே வேண்டாம். கீழே இரண்டு வைத்து ஆறு மாதம் சாப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும் என்றாகிவிடும்.

"எலும்புக்குள்ள இரும்பு வெச்சா உடம்பு ஒத்துக்குமா?"

இரும்பு கிடையாது, டைட்டானியம். ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற மருத்துவர் 1952 வாக்கில் முயல் எலும்பின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இன்றைய இம்ப்ளாண்ட் எல்லாமே அந்த ஒட்டுதலை நம்பித்தான்.

1965-ல் அவர் முதன்முதலாக இந்தச் சிகிச்சை செய்த யோஸ்டா லார்சன் என்பவர், பிறவியிலேயே தாடைக் குறைபாட்டால் அவதிப்பட்டவர். 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல், அந்த இம்ப்ளாண்ட் வேலை செய்தது.

"ரொம்ப வலிக்குமா? முழு மயக்கம் குடுப்பீங்களா?"

பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரத்துப்போகும் ஊசிதான். வலி தெரியாது, அதிர்வும் அழுத்தமும் தெரியும். கீழே இரண்டு வைக்க ஒரு மணி நேரம் போதும். மறுநாள் வீக்கம் வரும், இரண்டு மூன்று நாளில் வடியும். தையலை ஏழு முதல் பத்து நாளுக்குள் எடுப்போம். பல் பிடுங்கினதைவிட இது லேசாக இருந்தது என்று பலர் சொல்கிறார்கள்.

ஒரு ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழ்த்தாடைக்குள் பின்பக்கத்திலிருந்து உதட்டுக்குப் போகிற ஒரு நரம்பு ஓடுகிறது. திருகு அதைத் தொட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகலாம். அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் துளை போடக் கூடாது என்று சொல்கிறேன். ஊசியின் மரப்பு தீர வேண்டிய நேரம் தாண்டியும் உதட்டில் உணர்ச்சி வரவில்லை என்றால் அன்றைக்கே போன் செய்யுங்கள், ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

"மேல் பல்லுல கை வெச்சா கண்ணு போயிடும்னு எங்க பாட்டி சொல்வாங்க."

போகாது. பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. மேல் கடைவாய்க்கு மேலே நாங்கள் கவனமாக இருப்பது சைனஸ் என்கிற காற்று அறைக்காகத்தான். எலும்பு மெலிந்திருந்தால் திருகு அதற்குள் போய்விடும். இதுவும் ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"அப்பாவுக்கு 81 வயசு. இனிமே எதுக்குங்க இதெல்லாம்னு அண்ணன் கேக்கறார்."

வயதுக்கு உச்ச வரம்பு கிடையாது. எலும்பு ஒட்டும் திறன் எண்பதிலும் இருக்கிறது. உடம்பு ஒரு சின்ன அறுவையைத் தாங்குமா, மாட்டவும் கழற்றவும் கைவிரலில் பலம் இருக்கிறதா, தினமும் சுத்தம் செய்ய முடியுமா, இவற்றைத்தான் நான் பார்ப்பேன்.

"இனிமே எதுக்கு" என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வயதில் சாப்பாடுதான் பெரிய சந்தோஷம். மெல்ல முடியாதவர் கீரை, பயறு, பழம், கறி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கஞ்சிக்கும் பிஸ்கட்டுக்கும் வந்துவிடுகிறார். உடம்பு இளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பாவையே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

"சுகர் இருக்கு. ஸ்டென்ட் வெச்சதுலேருந்து ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையும் சாப்பிடறேன். எனக்கு ஆகுமா?"

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஆகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்குப் பக்கத்தில் இருந்தால் தயங்க மாட்டேன். 8-ஐத் தாண்டினால் முதலில் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு ஒத்திப்போடுவேன். புண் ஆறாது, சீழ் பிடிக்கும், எலும்பு ஒட்டுவதும் தாமதமாகும்.

ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பல் வேலைக்காக மாத்திரையை நிறுத்தி மாரடைப்பை வரவழைத்துக்கொள்வதைவிட, கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கசிவதைத் தையல் போட்டும் பஞ்சு வைத்தும் சமாளிப்பது எவ்வளவோ மேல். இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். வார்ஃபரின் வகை மாத்திரை என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் பார்ப்போம்.

நிறையப் பேர் சொல்ல மறந்துவிடுகிற ஒன்று, எலும்புத் தேய்மான நோய்க்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து. வாரம் ஒரு தடவை அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு தடவை சோலெட்ரானிக் அமிலம் டிரிப், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் ஊசி. தினமும் எடுக்காததால் பட்டியலில் விட்டுப்போகிறது. இவை தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கலாம், அபூர்வமாக எலும்பே செத்துப்போகலாம். முகம், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும் இதே காரணத்துக்காக முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்.

"வெத்தலை பாக்கை மட்டும் விடச் சொல்லாதீங்க டாக்டர்."

சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பல வருடம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நார் மாதிரி இறுகி, வாய் திறப்பது குறைந்துபோகும். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் துளைபோடும் கருவியை எப்படி நிமிர்த்திப் பிடிப்பது? அந்த இறுக்கம் புற்றுநோய்க்கும் முன்னோடியாகலாம் என்பதால், இம்ப்ளாண்ட் இருக்கட்டும், முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். புகையிலை சேர்த்துப் போடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிகரெட்டும் அப்படித்தான். புகைப்பவர்களுக்குத் திருகு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல்.

"எலும்பே இல்லைன்னு ஒரு இடத்துல கைவிரிச்சுட்டாங்க."

எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தை மட்டும் காட்டும். அகலம் தெரிய சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். கீழ்த்தாடை எவ்வளவு தேய்ந்தாலும் முன்பக்கம் மட்டும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். இரண்டு திருகு வைப்பதும் அங்கேதான். எலும்பு குறுகலாக இருந்தால் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய இம்ப்ளாண்டுகளும் உண்டு. மேல்தாடையில் எலும்புத்தூள் வைத்து வளர்க்கலாம், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"பையன் அமெரிக்காவிலேருந்து மூணு வாரம்தான் வர்றான். அதுக்குள்ள முடிச்சிடலாமா? மூணே நாள்ல பல்லுன்னு விளம்பரம் வருதே."

டிசம்பர், ஜனவரியில் தினமும் கேட்கிற கேள்வி. எலும்பு ஒட்டக் கீழே இரண்டு மூன்று மாதம், மேலே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பையன் இருக்கும்போது ஸ்கேன் எடுத்துத் திருகைப் பதித்துவிடலாம். துணைக்கு ஆள் வேண்டியது அந்த முதல் வாரத்தில்தான். காத்திருக்கும் மாதங்களில் உங்கள் பழைய செட்டையே அடியில் குடைந்து, மெத்தென்ற பூச்சு போட்டுத் தருவோம். பிறகு செட்டின் அடியில் குமிழைக் கவ்வும் பட்டன் பொருத்த நீங்கள் ஆட்டோ பிடித்து வந்தால் போதும்.

உடனடியாகப் பல் வைப்பது பொய் இல்லை. திருகு பதிக்கும்போதே நல்ல இறுக்கம் கிடைத்தால், நான்கைந்து திருகுகளையும் ஒன்றாக இணைத்து அந்த வாரமே பல் வைக்கலாம். ஆனால் வழக்கமான இம்ப்ளாண்டில் அப்படி வைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல், சில மாதம் மென்மையான உணவுதான். விளம்பரத்தில் வரும் மூன்று நாள் பல் தற்காலிகமா நிரந்தரமா, இறுக்கம் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள், இந்த இரண்டையும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

"போன வருஷம்தான் புது செட்டு செஞ்சேன். அதையே இதுல மாட்டிக்கலாமா?"

நல்ல நிலையில் இருந்தால் மாட்டலாம். அடியில் குழி எடுத்துப் பட்டனைப் பொருத்த ஒரே நாள் போதும். செட் மெல்லியதாக இருந்தால் குழி எடுத்த இடத்தில் விரிசல் விடும், அப்போது புதிது செய்வதே நல்லது.

"தீபாவளிக்கு முறுக்கு கடிக்கலாமா?"

உடைத்து, கடைவாயில் வைத்து மெல்லலாம். தட்டையும் அப்படித்தான். வெறும் செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. இம்ப்ளாண்ட் வைத்ததும் அது நன்றாகவே கூடும். வெந்த ஆட்டுக்கறி, வறுத்த வேர்க்கடலை, சுண்டல், நறுக்கிய ஆப்பிள் எல்லாம் ஆகும். முன்பல்லால் கரும்பைக் கடித்து இழுக்காதீர்கள், செட் கழன்றுவிடும். சீடை வேண்டவே வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் புதிதாகத்தான் இருக்கும். இட்லி, பொங்கல், வெந்த காய் என்று தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக மென்று பழகுங்கள்.

"ராத்திரி கழட்டணுமா? எங்க வீட்டுல போர் தண்ணி, செட்டு மேல வெள்ளையா படியுது."

கழற்றத்தான் வேண்டும். இரவும் போட்டுக்கொண்டே இருந்தால் ஈறு மூச்சு முட்டிச் சிவந்துபோகும், பூஞ்சை பிடிக்கும். கழற்றி, மென்மையான பிரஷ்ஷில் சாதாரணச் சோப்பு போட்டுத் தேய்த்து, தண்ணீரில் போட்டு வையுங்கள். பற்பசை சொரசொரப்பு, செட்டைக் கீறிவிடும். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது.

உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் இரவு ஊறவைக்கக் கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். படிந்த வெள்ளைக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து அரைமணி ஊறவைத்துத் தேய்த்தால் இளகும்.

செட்டைக் கழுவிவிட்டு வாயை விட்டுவிடாதீர்கள். ஈறுக்கு வெளியே தெரிகிற குமிழைச் சுற்றித் தினம் இரண்டு முறை பிரஷ் போக வேண்டும். இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றி அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, வலியே இல்லாமல் திருகு போய்விடும்.

"ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லைதானே?"

எலும்புக்குள் உள்ள திருகு நீண்ட நாள் வரும். பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. மேலே உள்ளவை தேயும். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் வருடத்துக்கு ஒரு முறையாவது தளரும், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பின்பக்க எலும்பு தேய்ந்துகொண்டே போவதால் (இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே தேய்மானம்) அவ்வப்போது செட்டின் அடியை நிரப்ப வேண்டும். பல்லும் மழுங்கும், சில வருடங்களில் செட்டையே மாற்ற வேண்டிவரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள்.

"எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸ்ல வருமா?"

விலை இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் எண்ணைவிட எதை எழுதி வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். ஸ்கேன், ஒவ்வொரு திருகு, அதன் மேல் குமிழ், செட்டுக்குள் போகும் பட்டன், செட், எலும்புத்தூள் தேவைப்பட்டால் அது, முதல் வருட வளைய மாற்றம், திருகு ஒட்டாவிட்டால் மறுபடி வைக்க யார் செலவு. "ஒரு இம்ப்ளாண்ட் இவ்வளவு" என்று குறைத்துச் சொல்லிவிட்டு, குமிழுக்கும் செட்டுக்கும் தனியாகக் கேட்கிற இடங்கள் உண்டு. மொத்தத் தொகையை ஒரே தாளில் வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்துக் காயம் தவிர்த்த பல் சிகிச்சையை ஏற்பதில்லை. கையில் பணம் குறைவு என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். போரூர், மதுரவாயல், உத்தண்டி பக்கம் இருக்கிற தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். பல முறை அலைய வேண்டும், செலவு கிளினிக்கைவிடக் குறையும்.

"போட்டு நாலு மாசம் ஆச்சு, ஏதோ ஆடற மாதிரி இருக்கு."

எது ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. செட் மட்டும் தளர்ந்தால் வளையம் மாற்ற வேண்டும். குமிழ் ஆடினால் அதை மறுபடி இறுக்கிவிடலாம். எலும்புக்குள் இருக்கும் திருகே ஆடினால் அது ஒட்டவில்லை என்று பொருள், எடுத்துவிட்டு எலும்பு ஆறியதும் மறுபடி வைக்கலாம். எதுவானாலும் அதே வாரம் வாருங்கள். தளர்ந்த குமிழோடு மென்றுகொண்டே இருந்தால் உள்ளே உடைந்துவிடும்.

"எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்காங்க. வாயில திருகு இருக்கே?"

டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, எடுக்கலாம். செட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள். சிலருக்குப் பட்டனுக்குப் பதில் காந்தம் வைத்திருப்பார்கள், அவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

"போட்ட டாக்டர் கிளினிக்கை மூடிட்டார். இப்ப வளையம் மாத்தணும். வேற யாராவது செய்வாங்களா?"

என்ன கம்பெனித் திருகு என்று தெரிந்தால் செய்வார்கள். சுவிட்சர்லாந்து, தென் கொரியா, இஸ்ரேல், இந்தியா என்று பல நாட்டுத் தயாரிப்புகள் சென்னையில் புழங்குகின்றன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. எக்ஸ்ரேயில் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கலாம், எப்போதும் சரியாக வராது. ஆகவே சிகிச்சை முடியும்போதே தயாரிப்பாளர் பெயர், அகலம், நீளம், தொகுதி எண் எல்லாம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

"அம்மாவுக்கு இப்ப மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு. செட்டைக் கழட்டவே விடமாட்டேங்கறாங்க. என்ன பண்றது மேடம்?"

இம்ப்ளாண்ட் வைக்கும்போது யாரும் யோசிக்காத கேள்வி. கழற்றி மாட்டும் வகையைப் பெரியவர்களுக்கு நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், ஏனென்றால் இதில் பின்வாங்க வழி இருக்கிறது. முதலில் இறுக்கம் குறைந்த வளையமாக மாற்றிவிடலாம். நீங்களே ஒரு விரலால் நெம்பி எடுக்க முடியும். அம்மா சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளிக்கிற நேரம் பாருங்கள், பெரும்பாலும் அப்போதுதான் விடுவார்கள்.

நோய் முற்றி அதுவும் முடியாமல் போனால், குமிழைக் கழற்றிவிட்டு ஈறு மட்டத்தில் ஒரு சின்ன மூடியைப் போட்டுவிடலாம். திருகு எலும்புக்குள் சும்மா இருக்கும், எடுக்க வேண்டாம். செட் பழையபடி சாதாரணச் செட்டாகிவிடும். அது குத்துகிறது, வேண்டாம் என்றால் செட் இல்லாமலே மசித்த சாதம் ஊட்டுங்கள். வாயை மட்டும் ஈரத்துணியால் தினமும் துடைத்துவிடுங்கள். ஈறில் சிவப்போ வீக்கமோ தெரிந்தால் எனக்கோ உங்கள் பக்கத்துப் பல் மருத்துவருக்கோ ஒரு போட்டோ அனுப்பிக் கேளுங்கள். அம்மாவை அலையவிட வேண்டாம்.